பியருக்கு ஒரு நியாயம், மினிகேப்புக்கு இன்னொரு நியாயம்: கவுன்சில் லைசென்ஸ் மேசையைப் புரிந்துகொள்வது

இங்கிலாந்தின் உள்ளூராட்சிக் கவுன்சில்களில் லைசென்சிங் பிரிவு என்பது பெரும்பாலும் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கும் சின்ன இடம். கடையில் பியர் விற்கும் லைசென்சும், முன்பதிவில் மட்டும் ஓடும் வாடகைக் காரான மினிகேப் ஓட்டும் லைசென்சும் அந்த மேசைக்குத்தான் போகின்றன. தகராறு வந்தால் விசாரிப்பதும் அநேகமாக அதே கவுன்சிலர்கள்தான். அதனால் இரண்டுக்கும் ஒரே நியாயம் என்று நம்மவர்கள் நினைத்துவிடுகிறார்கள். மதுவை வாங்கிக்கொண்டுபோகும் ஒஃப் லைசென்ஸ் கடை நடத்திப் பழகியவர் மினிகேப்புக்கு விண்ணப்பித்துவிட்டு, "ஒருவருமே எதிர்க்கவில்லையே, பிறகு ஏன் தரவில்லை?" என்று கேட்கிறார். டாக்சி ஓட்டிச் சேர்த்த காசில் கடை வாங்கியவரோ, மது லைசென்ஸ் விசாரணையில் தன் நல்ல குணத்துக்குச் சான்றிதழ்களை அடுக்குகிறார். இருவர் வாதமும் சரியானதுதான், போன இடம்தான் பிழை.

மது விற்பனைக்கு 2003ஆம் ஆண்டின் லைசென்சிங் சட்டம். 2005 நவம்பர் 24 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதுவரை இந்த வேலை நீதவான் நீதிமன்றங்களிடம் இருந்தது. இந்தச் சட்டம் "கொடு" என்ற இடத்திலிருந்து புறப்படுகிறது. விண்ணப்பம் முறையாக இருந்து, 28 நாளுக்குள் செல்லுபடியான ஆட்சேபம் எதுவும் வராவிட்டால், கவுன்சில் லைசென்ஸ் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்க விருப்பமா இல்லையா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

டாக்சிக்கு 1847ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும். ஆம், குதிரை வண்டிக் காலத்து 1847தான், இன்னும் உயிரோடு இருக்கிறது. இங்கே புறப்படும் இடம் "கொடுக்காதே". விண்ணப்பிப்பவர் தகுதியும் நேர்மையும் உள்ளவர் என்று கவுன்சிலுக்குத் திருப்தி ஏற்படாதவரை சாரதி லைசென்ஸ் கொடுக்கக் கூடாது என்று 1976 சட்டம் சொல்கிறது. திருப்திப்படுத்துவது உங்கள் பொறுப்பு. சந்தேகம் மிஞ்சினால் அதன் பலன் உங்களுக்கு வராது.

லண்டனில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அங்கே கவுன்சில்கள் மதுவை மட்டுமே பார்க்கின்றன. கறுப்பு டாக்சியும் மினிகேப்பும் டிரான்ஸ்போர்ட் ஃபோர் லண்டனின் கையில், சட்டங்களும் வேறு. கீழே டாக்சி பற்றி வருவது லண்டனுக்கு வெளியே உள்ளவர்களுக்கு.

கடையிலிருந்து தொடங்குவோம். விண்ணப்பப் படிவத்தில் "ஒப்பரேட்டிங் ஸ்கெட்யூல்" என்று ஒரு பகுதி இருக்கிறது. சட்டத்தின் நாலு நோக்கங்களான குற்றத்தடுப்பு, பொதுப் பாதுகாப்பு, அயலவருக்குத் தொல்லை இல்லாமை, சிறுவர் பாதுகாப்பு ஆகியவற்றுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று அதில் எழுத வேண்டும். எழுதிக் கொடுக்கும் ஏஜென்ட் வேறொரு கடையின் படிவத்திலிருந்து இருபது வரியை அப்படியே ஒட்டிவிடுவார். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அங்கே எழுதும் ஒவ்வொரு வாக்கும் லைசென்சின் நிபந்தனையாக மாறுகிறது. நிபந்தனையை மீறி விற்றால் அது 136ஆம் பிரிவின் கீழ்க் குற்றம்: ஆறு மாதம் வரை சிறை, வரம்பில்லாத அபராதம், அல்லது இரண்டும்.

அதிகம் பேரை விழுத்துவது சிசிடிவி வரி. "சரியான தேதி, நேரத்துடன் பதிவுகள் 31 நாள் வைத்திருக்கப்படும், பொலிஸ் கேட்டவுடன் பிரதி எடுத்துக் கொடுக்கத் தெரிந்த ஒருவர் கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் இருப்பார்" என்று அது போகும். நாலு கமராவுடன் 31 நாள் தாங்கிய டிஸ்க், கமராவை எட்டாக்கினால் பாதி நாளிலேயே நிரம்பி, பழைய பதிவின் மேல் எழுதத் தொடங்கிவிடும். மார்ச் கடைசி ஞாயிறு ஊரே மணிக்கூட்டை மாற்றும், ரெக்கோர்டர் மட்டும் குளிர்கால நேரத்திலேயே நிற்கும். ஞாயிறு இரவு பொலிஸ் வந்து கேட்டால், பாஸ்வேர்ட் பூட்டியவரிடமோ பல்கலைக்கழகத்துக்குப் போன மகனிடமோ இருக்கும். இதில் திருட்டும் இல்லை, பொய்யும் இல்லை. ஆனாலும் மூன்றுமே நிபந்தனை மீறல். மாதம் ஒருமுறை, 30 நாளுக்கு முந்தைய ஒரு பத்து நிமிடத்தை யூஎஸ்பியில் எடுத்துப் பாருங்கள். எடுக்க முடிந்தால் சரி.

அடுத்தது மறுப்புப் புத்தகம். வயது குறைந்தவருக்கோ குடிவெறியில் வந்தவருக்கோ விற்க மறுத்ததை எழுதி வைக்கும் கொப்பி அது. ஆறு மாதமாக ஒரு வரியும் இல்லாத கொப்பி, கடையில் ஒருவரையும் மறுக்கவே இல்லை என்று அதிகாரியிடம் சொல்லும். பத்து மறுப்பும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே நாளில் எழுதியதுபோல இருந்தால் இன்னும் மோசம். விற்பனைச் சட்டங்களைக் கண்காணிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் பிரிவு பதினெட்டு வயதாகாதவர்களை அனுப்பிச் சோதனைக் கொள்வனவு செய்யும். அதில் ஊழியர் தவறினால், உங்களால் முடிந்த முன்னெச்சரிக்கையெல்லாம் எடுத்தீர்கள் என்று காட்ட இந்தக் கொப்பியும் கையெழுத்து வாங்கிய பயிற்சிப் பதிவும்தான் உங்களிடம் இருக்கும். மூன்று மாதத்துக்குள் ஒரே கடையில் இரண்டு முறை நடந்தால் அது "தொடர்ச்சியான விற்பனை" என்ற தனிக் குற்றமாகிவிடும்.

கடை வாங்குகிறீர்களா? சுவரில் மாட்டியிருப்பது லைசென்சின் சுருக்கம் மட்டுமே. நிபந்தனைகள் முழு லைசென்சில் இருக்கின்றன. அதையும் அதோடு சேர்ந்த வரைபடத்தையும் கேட்டு வாங்கி, அந்த வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்குள் நடந்து பாருங்கள். மது அடுக்கும் கவுண்டரும் வரைபடத்தில் வாசல் பக்கம், நிஜத்தில் பின்சுவர் பக்கம் என்றால், முன்னவர் சொல்லாமல் மாற்றியிருக்கிறார். இனி அது உங்கள் தலையில். பெரும்பாலும் 89 பவுண் கட்டி சிறு மாற்ற விண்ணப்பம் ஒன்றால் சரிசெய்யலாம். விற்பனை நேரத்தைக் கூட்ட அந்தக் குறுக்குவழி உதவாது. அதற்கு முழு விண்ணப்பம் வேண்டும்.

நிபந்தனைகளில் "தனி பியர் ரின் விற்கக் கூடாது", "6.5 சதவீதத்துக்கு மேல் பியர், சைடர் கூடாது" என்ற இரண்டும் இருக்கின்றனவா என்று முதலில் தேடுங்கள். சில தெருக்களில் கடையின் வருமானத்தில் பெரும்பகுதியே அதில்தான் இருக்கும். அதைத் தெரியாமல் குட்வில்லுக்குக் காசு கொடுப்பவர்கள் குறைவில்லை.

லைசென்சை உங்கள் பெயருக்கு மாற்ற 23 பவுண். கடைப் பொறுப்பாளராகப் பெயர் குறிக்கப்பட்ட டிபிஎஸ்ஸை மாற்றவும் 23 பவுண். இரண்டையும் உடனடியாகச் செல்லுபடியாகும்படி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். டிபிஎஸ், மது விற்பனைக்கு அனுமதி கொடுக்கத் தனிநபருக்குத் தரும் பெர்சனல் லைசென்ஸ் உள்ளவராக இருக்க வேண்டும். கடையை விற்றவர் கோபத்தில் "என் பெயரை எடுத்துவிடுங்கள்" என்று கவுன்சிலுக்கு எழுதிவிட்டால், புதிய டிபிஎஸ் வரும்வரை ஒரு பியர்கூட விற்க முடியாது. பெர்சனல் லைசென்சுக்கு 37 பவுண், ஒரு நாள் பயிற்சியும் பரீட்சையும், ஒரு மாதத்துக்குள் எடுத்த அடிப்படை டிபிஎஸ் சான்றிதழ் ஆகியவை வேண்டும். கடை இருக்கும் கவுன்சிலில் இல்லாமல், நீங்கள் வசிக்கும் கவுன்சிலில் விண்ணப்பிக்க வேண்டும். (குற்றப்பதிவுச் சான்றிதழுக்கும் டிபிஎஸ், கடைப் பொறுப்பாளருக்கும் டிபிஎஸ். இந்தக் குழப்பத்துக்கு நாம் பொறுப்பில்லை.)

பலருக்குத் தெரியாத பொறி ஒன்று லிமிட்டட் கம்பெனியில் இருக்கிறது. லைசென்ஸ் கம்பெனி பெயரில் இருந்து, கணக்கு அனுப்பாததால் கம்பெனிகளைப் பதியும் அரசு அலுவலகமான கம்பெனிஸ் ஹவுஸ் அந்தக் கம்பெனியைப் பதிவிலிருந்து அடித்துவிட்டால், லைசென்ஸ் அன்றே காலாவதி. ஒருவரும் கடிதம் போட மாட்டார்கள். கடை வழக்கம்போல் திறந்திருக்கும், ஒவ்வொரு விற்பனையும் லைசென்ஸ் இல்லாத விற்பனை. பெயர் மாற்றி மீட்க 28 நாள்தான் அவகாசம். தவறினால் முதலிலிருந்து புதிய விண்ணப்பம். லைசென்ஸ்காரர் இறந்தாலும் கடன் தீர்க்க முடியாமல் திவாலானாலும் இதே கதைதான்.

புதிய விண்ணப்பத்துக்கான கட்டணம் கட்டடத்தின் வரி மதிப்பைப் பொறுத்தது: 100, 190, 315, 450, 635 பவுண் என்று ஐந்து படிகள். மூலைக்கடைகள் பல 190 பவுண் படியில் வரும், அதற்கு ஆண்டுக்கட்டணம் 180. 2005இல் பிரித்தானிய அரசு வைத்த தொகை, கவுன்சிலுக்கு மாற்ற அதிகாரமில்லை. ஆண்டுக்கட்டணம் கட்டாவிட்டால் லைசென்ஸ் இடைநிறுத்தப்படும், கட்டினால் திரும்பும். பில் பழைய விலாசத்துக்குப் போயிருப்பதுதான் வழக்கமான காரணம். விண்ணப்பத்தோடு வெளிர்நீல ஏ4 தாளில், எழுத்தளவு 16க்குக் குறையாமல், வெளியிலிருந்து படிக்கும்படி 28 நாள் தொடர்ந்து நோட்டீஸ் ஒட்ட வேண்டும். பத்து வேலை நாளுக்குள் உள்ளூர்ப் பத்திரிகையிலும் விளம்பரம் கொடுக்க வேண்டும். அந்த விளம்பரம் பல இடங்களில் விண்ணப்பக் கட்டணத்தையே தாண்டும். நோட்டீஸ் இடையில் கிழிந்து விழுந்தால் 28 நாளைத் திரும்ப எண்ணச் சொல்லலாம், ஆகவே தினமும் தேதி தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது.

ஆட்சேபம் வந்தால் மூன்று கவுன்சிலர்கள் கொண்ட உபகுழு விசாரிக்கும். "இந்தத் தெருவில் ஏற்கெனவே ஐந்து கடை", "எங்கள் வியாபாரம் கெடும்", "குடியே கூடாது" என்பவை சட்டப்படி ஆட்சேபமாகவே எண்ணப்படா. நாலு நோக்கங்களில் ஒன்றைத் தொட வேண்டும். ஆனால் கவுன்சில் அந்தப் பகுதியை "கூட்டுத் தாக்கப் பகுதி" என்று அறிவித்திருந்தால் நிலைமை தலைகீழ்: கடைகளின் எண்ணிக்கையே பிரச்சினை என்று கவுன்சில் தன் கொள்கையில் எழுதிவிட்டது. ஆட்சேபம் வந்துவிட்டால், உங்கள் கடை அந்தச் சுமையைக் கூட்டாது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். கடை வாடகைக்கு ஒப்பமிடுமுன் கவுன்சில் இணையத்தில் அந்த வரைபடத்தைப் பாருங்கள். அதே நேரம் திட்ட அனுமதியையும் பாருங்கள். லைசென்ஸ் அதிகாலை 2 மணி, பிளானிங் இரவு 11 மணி என்றால், 11க்கு மூட வேண்டியதுதான்.

கள்ளச் சிகரெட், வரி கட்டாத மது, வேலை உரிமை இல்லாத ஊழியர் ஆகிய மூன்றும் வேறு வகை. இவை ரிவியூவுக்கு, அதாவது லைசென்சை மறுபடி விசாரிக்கும் கட்டத்துக்கு, வந்தால், முதல் தடவையாக இருந்தாலும் லைசென்சை ரத்துச் செய்வதையே தீவிரமாகப் பரிசீலிக்கும்படி அரசின் வழிகாட்டி சொல்கிறது. அதன் பிறகு மனைவி பெயரிலோ மச்சான் பெயரிலோ விண்ணப்பம் போனால் பொலிசுக்குப் புரியாமல் இருக்காது. வாடகை ஒப்பந்தம் யார் பெயரில், வங்கிக் கணக்கு யாருடையது என்று கேட்பார்கள்.

சாப்பாட்டுக் கடைக்கும் ஒரு வரி. இரவு 11 முதல் அதிகாலை 5 வரை சூடான சாப்பாடோ பானமோ விற்க லைசென்ஸ் வேண்டும், மது இல்லாவிட்டாலும். 10:55க்குக் கொடுக்கும் கொத்து ரொட்டிக்கு லைசென்ஸ் தேவையில்லை, 11:05க்குக் கொடுப்பதற்குத் தேவை. டெலிவரியும் அதில் அடங்கும். மண்டபத்தில் ஒருநாள் நிகழ்ச்சி வைத்து மது விற்பதென்றால் 21 பவுண் கட்டித் தற்காலிக நோட்டீஸ் போதும்; கலைஞர், தொண்டர், சமையல்காரர் எல்லோரையும் சேர்த்து 499 பேருக்கு மேல் கூடாது. பத்து முழு வேலை நாளுக்கு முன் கொடுக்க வேண்டும், கொடுக்கும் நாளையும் நிகழ்ச்சி நாளையும் எண்ணாமல். ஐந்து முதல் ஒன்பது நாள் என்றால் அது தாமத நோட்டீஸ். பொலிசோ சுற்றாடல் சுகாதாரப் பிரிவோ ஒரு சொல் எதிர்த்தால் விசாரணையின்றி முடிந்தது. கல்யாணத்தில் சும்மா ஊற்றிக் கொடுப்பதற்கு எதுவும் வேண்டாம். 40 பவுண் டிக்கெட்டில் இரண்டு குடிவகை அடக்கம் என்றால் அது விற்பனை.

இனி டாக்சி. இங்கே லைசென்ஸ் மூன்று: சாரதிக்கு, வாகனத்துக்கு, பிரைவேட் ஹயர் (மினிகேப்) என்றால் முன்பதிவை ஏற்கும் ஒப்பரேட்டருக்கும். மூன்றும் ஒரே கவுன்சில் கொடுத்ததாக இருக்க வேண்டும். ஹாக்னி டாக்சி தெருவில் கைகாட்டினால் ஏற்றலாம், தரிப்பிடத்தில் நிற்கலாம், அதன் மீட்டர் கட்டணத்தின் உச்சத்தைக் கவுன்சில் வைக்கும். மினிகேப் முன்பதிவு இல்லாமல் ஒருவரையும் ஏற்றக் கூடாது, அதன் கட்டணத்தில் கவுன்சில் தலையிட முடியாது. வெள்ளிக்கிழமை இரவு கிளப் வாசலில் சாதாரண உடையில் வந்து "ஸ்டேஷனுக்கு எவ்வளவு?" என்று கேட்பவர் அமலாக்க அதிகாரியாக இருக்கலாம். ஏற்றினால் குற்றம் ஒன்றில் நிற்காது. முன்பதிவில்லாத பயணத்தை உங்கள் இன்ஷூரன்ஸ் மூடாது, ஆகவே இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றமும் சேரும். டிரைவிங் லைசென்சில் ஆறு முதல் எட்டு தண்டனைப் பொயின்ட் விழும், பிறகு அந்தப் பொயின்டுகளே "தகுதியுள்ளவரா" என்ற கேள்விக்குச் சாட்சி.

"தகுதியும் நேர்மையும்" என்பதற்குச் சட்டத்தில் வரைவிலக்கணம் கிடையாது. 2014இல் வெளிவந்த ரொதரம் நகர அறிக்கை, சிறுமிகள் மீதான கொடுமைகளில் டாக்சிகளுக்கு இருந்த பங்கைச் சொன்ன பிறகு, இந்தக் கேள்வியை எவரும் இலேசாகக் கேட்பதில்லை. 2020 ஜூலையில் அரசு வெளியிட்ட தரநிலைகள் எண்களைக் கொடுத்தன. வன்முறைக் குற்றமென்றால் தண்டனை முடிந்து பத்து வருடம் கடந்திருக்க வேண்டும்; நேர்மையீனம் ஏழு; குடித்துவிட்டு ஓட்டியது ஏழு; கையில் போனுடன் ஓட்டியதற்குக்கூட ஐந்து. பாலியல் குற்றமென்றால் எப்போதும் இல்லை. கவுன்சில்கள் இதிலிருந்து விலகலாம், காரணம் சொல்ல வேண்டும்.

கடைக்காரருக்கு இங்கேதான் பெரிய அதிர்ச்சி. பெர்சனல் லைசென்சில், சட்டப்படி காலம் கடந்த தண்டனையை எவரும் கேட்க முடியாது. டாக்சிக்கு அந்த விதி பொருந்தாது: சிறைத்தண்டனை கிடைத்த, இருபது வருடத்துக்கு முந்தைய கடைத்திருட்டையும் பார்க்கலாம், உயர்நிலை டிபிஎஸ்ஸில் அது வரவும் கூடும். "அது முடிந்துபோன விஷயம்தானே" என்று படிவத்தில் "இல்லை" போட்டவர், பழைய குற்றத்துக்காக மறுக்கப்படுவதில்லை. போன மாதம் எழுதிய அந்த "இல்லை"க்காக மறுக்கப்படுகிறார். நேர்மையீனம் அங்கே புதிதாகப் பிறக்கிறது.

வெளிநாட்டில் தொடர்ச்சியாக மூன்று மாதமோ அதற்கு மேலோ இருந்தவரிடம் அந்த நாட்டின் நன்னடத்தைச் சான்றிதழைக் கேட்பார்கள். இலங்கைப் பொலிஸ் கிளியரன்ஸ் எடுக்க நாளாகும். அகதியாக வந்தவர்கள் அதைக் கேட்டுப் போக முடியாத நிலையிலும் இருக்கலாம். தரநிலை "இயன்றவரை" என்றே சொல்கிறது. உங்கள் கவுன்சில் அதற்குப் பதில் எதை ஏற்கும் என்று கட்டணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். மருத்துவப் பரிசோதனை லொறி, பஸ் சாரதிகளுக்குரிய குரூப் 2 தரத்தில் இருக்கும். இன்சுலின் போடுபவர்கள் இதையும் முன்கூட்டியே பேச வேண்டும்.

லைசென்ஸ் கையில் வந்தபின் தவறும் இடங்கள் சிறியவை. விபத்தில் வாகனத்தின் பாதுகாப்போ தோற்றமோ பாதிக்கப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் கவுன்சிலுக்குச் சொல்ல வேண்டும், கதவில் ஒரு நீண்ட கீறலும் தோற்றம்தான். வன்முறை, நேர்மையீனம், பாலியல் குற்றம் என்று கைதானால், விடுவிக்கப்பட்டிருந்தாலும் 48 மணி நேரம். வேக அபராதத்துக்கும் அதே. இன்னொன்றை வீட்டுக்காரர்கள் நம்பவே மாட்டார்கள்: கவுன்சிலின் டாக்சி பிளேட் பூட்டிய கார் எந்த நேரமும் டாக்சிதான். ஞாயிறு காலை மனைவி அதில் டெஸ்கோ போனாலும், அவரிடம் டாக்சி சாரதி லைசென்ஸ் இல்லாவிட்டால் குற்றம். 1901லும் 1997லும் நீதிமன்றங்கள் அப்படித்தான் தீர்த்தன. (லண்டன் மினிகேப்புக்கு இந்த இறுக்கம் இல்லை.)

வூல்வர்ஹாம்டன் பிளேட்டோடு மான்செஸ்டரில் ஓடும் கார்களைப் பற்றிப் பலர் சட்டவிரோதம் என்றே பேசுகிறார்கள். சாரதி, வாகனம், ஒப்பரேட்டர் மூன்றும் வூல்வர்ஹாம்டன் லைசென்ஸ் என்றால் அது சட்டப்படி சரி. 2015இல் வந்த மாற்றத்தால் ஒப்பரேட்டர் ஒருவர் இன்னொரு ஊர் ஒப்பரேட்டருக்கு வேலையைக் கைமாற்றவும் முடியும். உள்ளூர்க் கவுன்சில் தன் தரத்தை உயர்த்தினால் சாரதிகள் பக்கத்து ஊரில் லைசென்ஸ் எடுத்து அதே தெருவில் ஓடுவார்கள், உள்ளூர் அதிகாரிக்கு அவர்கள்மேல் கை நீளாது. சிறுமிகள் மீதான கூட்டுப் பாலியல் கொடுமைகள் பற்றி 2025 ஜூனில் வெளிவந்த கேஸி அம்மையாரின் அறிக்கை இந்த ஓட்டையை மூடச் சொன்னது, சரியாகவே சொன்னது என்பது இக்கட்டுரையின் கட்சி.

கடை லைசென்சுக்கும் டாக்சிச் சாரதி லைசென்சுக்கும் மேன்முறையீடு நீதவான் நீதிமன்றத்துக்கு, முடிவு அறிவிக்கப்பட்டதிலிருந்து 21 நாளுக்குள். ரிவியூவில் கடை லைசென்ஸ் ரத்தானாலும், மேன்முறையீடு முடியும்வரை வழக்கமாகக் கடை விற்றுக்கொண்டிருக்கலாம். பொலிஸ் கேட்கும் அவசர ரிவியூவில் மட்டும் 48 மணி நேரத்துக்குள் இடைக்காலத் தடை வரலாம். டாக்சிச் சாரதிக்கு, பொதுமக்கள் பாதுகாப்புக்காக "உடனடி அமல்" என்று கடிதத்தில் ஒரு வரி இருந்தால், அன்று மாலையே பிளேட்டைக் கழற்றாவிட்டாலும் ஸ்டியரிங்கைத் தொட முடியாது, வழக்கு எத்தனை மாதம் இழுத்தாலும். "எனக்கு மூன்று பிள்ளைகள், வீட்டுக்கடன் இருக்கிறது" என்ற வாதத்தை நீதிமன்றம் பொதுவாக எடுக்காது. 2002இல் லீட்ஸ் வழக்கொன்றில் அது தெளிவாகிவிட்டது. வழக்கில் வென்றாலும் வக்கீல் செலவு திரும்பி வரும் என்று எண்ணிப் போகாதீர்கள். கவுன்சில் நியாயமாகவும் நேர்மையாகவும் முடிவெடுத்திருந்தால், தோற்றாலும் செலவைக் கொடுக்க வேண்டியதில்லை என்று 2000இல் பிராட்ஃபோர்ட் வழக்கு தீர்த்து வைத்தது. ஆகவே வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டியது வெல்வேனா என்பதை மட்டுமல்ல, வென்றால் மொத்தமாக எவ்வளவு கைவிட்டுப் போகும் என்பதையும்தான்.